கரையோரத்தை ஹெக்ஸ் வரைபடமாக்குதல்: புதிய கேம் மாஸ்டர்களுக்கான செய்முறை

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்துவது டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம்; அதன் உலகை அமைத்து ஆட்டத்தை நடத்துபவர் கேம் மாஸ்டர். இதை முதன்முதலில் நடத்த முனைவோர் பலர், ஒரு கண்டத்தையே வரையத் தொடங்கி, மலைகளுக்குப் பெயர் சூட்டுவதிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். ஹெக்ஸ் எனப்படும் அறுகோணக் கட்டங்கள் 19 இருந்தாலே போதும். அவற்றை நாம் அறிந்த நிலத்தின்மீது அமைத்துக்கொண்டால், ஆறு எந்தப் பக்கம் பாயும், ஊர் எங்கே அமையும் என்ற கேள்விகளுக்கு அந்த நிலமே விடை வைத்திருக்கும். இங்கே புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையோரத்தை எடுத்துக்கொள்வோம்.

1. கட்டம்

கவராயத்தில் 1.5 சென்டிமீட்டர் ஆரம் வைத்து ஒரு வட்டம் வரைந்து, அதே ஆரத்தால் வட்டத்தின்மேல் ஆறு புள்ளிகளைக் குறித்து இணைத்தால் ஓர் அறுகோணம் கிடைக்கும். கூர்முனை மேல்நோக்கி இருக்குமாறு 3, 4, 5, 4, 3 என வரிசைகளாக அடுக்குங்கள். ஏ4 தாளில் குறிப்பெழுதவும் இடம் மிஞ்சும். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டாக நகர்ந்தால் தூரம் 1.41 மடங்காகிவிடும். அறுகோணத்திலோ ஆறு அண்டைக் கட்டங்களும் சம தூரத்தில் இருப்பதால் பயணக் கணக்கு எளிது. 1974-இல் வெளிவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டமும், வெளிநிலப் பயணத்துக்கு அவுட்டோர் சர்வைவல் என்ற வேறோர் ஆட்டத்தின் அறுகோணப் பலகையைத்தான் பரிந்துரைத்தது.

2. அளவு

ஒரு கட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 5 கிலோமீட்டர் எனக் கொள்ளுங்கள். அப்போது வடக்கிலிருந்து தெற்குவரை சுமார் 23 கிலோமீட்டர் வரும். இரு நகரங்களும் அதற்குள் அடங்கிவிடும். நடந்து செல்வோர் ஒரு நாளில் சமவெளியில் நான்கு கட்டங்களையும், முட்புதரில் இரண்டையும், கழிமுகச் சேற்றில் ஒன்றையும் கடக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

3. நீர்

ஆற்றைக் கட்டத்தின் நடுவே வரையாமல் கட்டங்களின் விளிம்பில் வரையுங்கள். அப்போதுதான் அடுத்த கட்டத்துக்குச் செல்வோர் ஆற்றைக் கடப்பதா, சுற்றிப் போவதா என்று முடிவெடுக்க வேண்டிவரும். கடலூருக்கு வடக்கே தென்பெண்ணையும், நகரை ஒட்டிக் கெடிலமும் கடலில் கலக்கின்றன. பாகூர் ஏரி அவற்றுக்கு வடக்கே அமையும். பருவத்தையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சித்திரையில் மணற்படுகையாகக் கிடக்கும் ஆறு, வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் படகுக்காரரைத் தேட வைக்கும்.

4. கட்டத்துக்குள் என்ன?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். "பழைய கோட்டை, உள்ளே 20 கொள்ளையர்" என்று எழுதினால் சண்டையைத் தவிர வேறு வழியில்லை. யாருக்கு என்ன வேண்டும், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று எழுதினால் அதுவே சாகசமாகும். ஓர் எடுத்துக்காட்டு: 1690-இல் ஆங்கிலேயர் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம்வரை உள்ள நிலமும் அந்த விலைக்குள் அடங்கியது. அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் வந்தது. இதை உங்கள் கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோங்கள். நாளை விடிந்ததும் பீரங்கி வெடிக்கும். ஓர் ஊர்த் தலைவர் தம் ஊர் குண்டு விழும் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும் என்கிறார். பக்கத்து ஊர் வணிகரோ தம் ஊர் எல்லைக்குள் வந்தால் வரி குறையும் என்று நம்புகிறார். பீரங்கிக்காரரைப் பணத்தால் வளைக்க முடியும். இரு தரப்பும் ஆட்டக்காரர்களிடமே உதவி கேட்டு வருகின்றன. ஒரு கட்டத்துக்கு இவ்வளவே போதும்.

புதுச்சேரிக்கு அருகே ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்த அரிக்கமேட்டை ஒரு பாழடைந்த துறைமுகமாக மாற்றலாம். எல்லாக் கட்டங்களையும் நிரப்ப முயல வேண்டாம், ஏழெட்டுப் போதும்.

5. வழியில் எதிர்ப்படுவன

இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகைக்கு 2 முதல் 12 வரை ஒரு பட்டியல் எழுதுங்கள். 7 விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று; 2-க்கும் 12-க்கும் தனித்தனியே முப்பத்தாறில் ஒன்றுதான். ஆகவே உப்பு வண்டியை 7-இல் வையுங்கள்; கடல் பூதத்தை 12-இல் வையுங்கள்.

6. இரண்டு பிரதிகள்

கட்டங்களுக்கு 01 முதல் 19 வரை எண்ணிட்டு, எண் வாரியான குறிப்புகளை உங்கள் பிரதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்களுக்குக் கரைக்கோடும் தொடங்கும் ஊரும் மட்டும் குறித்த வெற்றுத் தாளையும் பென்சிலையும் கொடுங்கள். மீதியை அவர்களே நடந்து பார்த்து வரையட்டும். அவர்கள் தவறாக வரைந்தாலும் திருத்த வேண்டாம்.