பழைய வீட்டில் வானம் தோண்டும்போது தொல்லியல் கண்காணிப்பு: முதன்முறை செய்பவர்களுக்கு

இங்கிலாந்தின் சஃபோக்கில், ஒரு கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு எங்களுடையது. பின்பக்கம் ஓர் அறை கட்ட அனுமதி வந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: மண்வேலை நடக்கும்போது தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும். இங்கே இதை ‘வாட்சிங் பிரீஃப்’ என்பார்கள். செலவு கட்டுபவருடையது. 1990-இல் வந்த அரசு வழிகாட்டுதலிலிருந்து இதுதான் நடைமுறை.

படி 1: அனுமதிக் கடிதத்தில் ‘வேலை தொடங்குமுன்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், தொல்லியலாளர் எழுதும் செயல்திட்டத்துக்கு உள்ளூர் கவுன்சில் ஒப்புதல் தரும்வரை ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது. இதற்கு 8 வாரம் ஒதுக்கிவிட்டு மேஸ்திரிக்கு நாள் சொல்லுங்கள்.

படி 2: டிக்கரின் (மண் தோண்டும் இயந்திரத்தின்) பக்கெட், அதாவது மண் அள்ளும் முனை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வாடகைக்கு வந்த மினி டிக்கரில் பல் வைத்த பக்கெட் இருந்தது. இரண்டு முறை வாரியதுமே தொல்லியலாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வேறு பக்கெட் வர அரை நாள் போனது. பழைய குழி என்பது மண்ணில் தெரியும் நிற வித்தியாசம் மட்டும்தான். பல் அதை உழுதுவிடும். பல் இல்லாத அகலப் பக்கெட்டால் வழித்த பிறகு தரை மெழுகியதுபோல் ஆனது. மஞ்சள் களிமண்ணுக்கு நடுவே கரும்பழுப்பில் ஒரு வட்டம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு குப்பைக் குழி!

தொல்லியலாளர் குழியின் பாதியை மட்டும் கரணையால் வெட்டி, குறுக்குவெட்டை 1:10 அளவில் வரைந்தார். மறுபாதியில் என்னையும் உட்கார வைத்தார். சிப்பி ஓடுகள், மெருகிட்ட சிவப்புப் பானை ஓடு, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் தண்டு. தண்டின் துளை அகலமாக இருந்தால் பெரும்பாலும் பழையது. காலம் போகப் போகத் துளை குறுகியது. இதே வீட்டில் இருந்த யாரோ பிடித்து, உடைந்ததும் வீசிய பொருள் அது. வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கரணை வாங்குவதானால் ஒரே இரும்பில் அடித்த 4 அங்குல டபிள்யூ.எச்.எஸ். பிராண்டு கரணை போதும். தோட்டக் கரண்டி உதவாது.

படி 3: டிக்கர் ஓட்டுபவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: பத்துப் பத்து சென்டிமீட்டராக வழிக்க வேண்டும், பின்னோக்கி நகர வேண்டும், வழித்த தரைமேல் வண்டி ஏறக் கூடாது. ‘கன்னி மண் (மனிதர் கைபடாத இயற்கை மண்) வந்துவிட்டது’ என்று தொல்லியலாளர் சொன்ன பிறகே முழு ஆழத்துக்குப் போகலாம்.

படி 4: அறிக்கை. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அறிக்கை உண்டு. அது கவுண்டியின் (மாவட்டத்தின்) வரலாற்றுப் பதிவேட்டில் சேர்ந்து, கவுன்சில் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே நிபந்தனை தீரும். அந்தக் கடிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் கழிவுநீர்க் குழாய், எலும்பு, காசு பற்றிக் கேட்டவர்களுக்காக. கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டுவதும் பொதுவாக மண்வேலைதான். அன்றைக்கும் தொல்லியலாளர் வர வேண்டுமா என்று செயல்திட்டத்தைப் பாருங்கள். மனித எலும்பு என்று சந்தேகம் வந்தால் தொடாமல் வேலையை நிறுத்துங்கள்; எடுப்பதற்கு நீதி அமைச்சகத்தின் உரிமம் தேவைப்படும். 300 ஆண்டு கடந்த தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாகக் கிடைத்தால், 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையல்களையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரிக்கு) தெரிவிக்க வேண்டும். தொல்லியலாளரிடமே சொல்லுங்கள், வழி காட்டுவார்.