ப்ராஜெக்ட் தொடங்கும் முன் பத்துப் பேரிடம் பேசுங்கள்

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. சர்க்யூட்டையோ கோடிங்கையோ தொடுவதற்கு முன், நீங்கள் தீர்க்க நினைக்கும் சிக்கலோடு தினமும் மல்லுக்கட்டும் பத்துப் பேரிடம் பேசிவிடுங்கள். கோடிங்கில் உதவ இப்போது ஏஐ கருவிகள் வந்துவிட்டன. ஆனால் எதற்கு ஒருவர் காசு கொடுப்பார் என்பதை நீங்கள்தான் போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். "இப்படி ஒரு ஆப் வந்தால் வாங்குவீர்களா?" என்றால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். உங்கள் மனம் நோகக் கூடாதே என்று சொல்வது அது, நம்பாதீர்கள். "கடைசியாக இந்தத் தொல்லை எப்போது வந்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவானது?" என்று கேளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று பலர் சொன்னால், சரி, அது அவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை; வேறு தலைப்புப் பாருங்கள்.

அப்புறம், எல்லாம் முடிந்தபிறகுதான் வெளியே காட்டுவேன் என்று இருக்காதீர்கள். 1999-இல் ஸாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன், சரக்கு வாங்கி அடுக்காமல், கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்த பிறகே கடைக்குப் போய் வாங்கி அனுப்பினார். அதில் லாபம் பார்க்க முடியாதுதான். ஆனால் இணையத்தில் ஆட்கள் காலணி வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

ஹார்டுவேர் என்றால் இன்னொன்று: ஒரு பீஸுக்கு உதிரிபாகம், பெட்டி, அனுப்பும் செலவு மூன்றையும் முதல் வாரமே எழுதிப் பாருங்கள். வயிற்றைக் கலக்கும், ஆனாலும் பாருங்கள்.