'கிரீட் 2' படத்தை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை தல்லாகுளத்தில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் மாதம் ஒரு படம் பார்த்துவிட்டு, அதைப் பற்றி இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பது எங்கள் சிலரின் வழக்கம். 'சார்பட்டா பரம்பரை' படத்தின் இரண்டாம் பாகம் குறித்து 2023இல் அறிவிப்பு வந்தபோது, குத்துச்சண்டைப் படத்துக்குத் தொடர்ச்சி எடுப்பதில் அப்படி என்ன சிக்கல் இருக்கிறது என்று பார்ப்பதற்காக, 2018இல் வெளிவந்த 'கிரீட் 2' படத்தைத் திரையிட்டோம். முடிந்ததும் எழுந்த கருத்துகளில் பாதிக்குமேல் படத்தின் பலத்தைப் பலவீனமாகவும் பலவீனத்தைப் பலமாகவும் மாற்றிச் சொன்னவையே. அவற்றில் இரண்டைச் சொன்னவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குத்துச்சண்டை வீரன் ராக்கியின் கதையைச் சொல்லும் 'ராக்கி' வரிசையில் 1985இல் வந்த நான்காம் படத்தில், சோவியத் வீரன் இவான் டிராகோவின் அடிகளைத் தாங்காமல் ராக்கியின் நண்பன் அப்பல்லோ கிரீட் ரிங்கிலேயே உயிரை விடுகிறான். துண்டை வீசிச் சண்டையை நிறுத்தும் வாய்ப்பு அப்பல்லோவின் பக்க மூலையில் துணைக்கு நின்ற ராக்கிக்கு இருந்தது. வீசக் கூடாது என்று அப்பல்லோ தடுத்துவிட்டதால் அவன் தயங்கி நின்றுவிடுகிறான். பிறகு மாஸ்கோ சென்று டிராகோவை வீழ்த்துகிறான். அப்பல்லோவின் மகன் அடோனிஸைக் கதாநாயகனாக்கி, ராக்கியை அவனுக்கு வாத்தியாராக்கி, ரயன் கூக்ளர் 2015இல் 'கிரீட்' எடுத்தார். ஸ்டீவன் கேப்பிள் ஜூனியர் இயக்கிய இரண்டாம் பாகத்தில், டிராகோவின் மகன் விக்டர் அந்த அடோனிஸைச் சண்டைக்கு அழைக்கிறான்.

எல்லோரும் முதலில் சொல்லும் குறை, "முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது" என்பது. மேலூர்ப் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. வள்ளியை முருகன் மணந்துகொள்வான் என்பது முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆனாலும் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். முடிவு தெரிந்திருப்பது குறையன்று. அந்த முடிவை நோக்கிப் போகும் படிகளும் தெரிந்திருப்பதுதான் குறை. 'கிரீட் 2' அந்த இடத்தில்தான் சறுக்குகிறது. முதல் சண்டை அறிவிக்கப்பட்ட உடனேயே, இதில் அடோனிஸ் அடி வாங்குவான், மனம் உடைவான், பழைய வாத்தியாரிடம் திரும்புவான், கடும் பயிற்சி எடுப்பான், மறுசண்டையில் வெல்வான் என்று ஒவ்வொரு படியும் வரிசையாகக் கண்முன் வந்துவிடுகிறது. ராக்கி இந்தச் சண்டைக்குச் சம்மதிக்க மறுக்கும் காட்சி நன்றாக எழுதப்பட்டிருந்தும், அவன் எப்படியும் திரும்பி வருவான் என்று தெரிவதால் அதன் கனம் குறைந்துவிடுகிறது.

இதற்கு இயக்குநரை மட்டும் பழிப்பது சரியாகாது. குத்துச்சண்டைத் தொடர்ச்சிகளுக்கே உரிய ஒரு பொறி இதில் இருக்கிறது. 1976இல் வந்த முதல் 'ராக்கி'யில் நாயகன் நடுவர்களின் புள்ளிகளில் தோற்கிறான். ஆனால் பதினைந்து சுற்றும் நின்று காட்டுகிறான். 2015இல் அடோனிஸும் அப்படியே புள்ளிகளில் தோற்று மரியாதையை வென்றான். முதல் படம் வெற்றியைக் கடனாக வைத்துவிட்டுப் போகிறது. இரண்டாம் படம் அந்தக் கடனை அடைத்தாக வேண்டும். 1979இல் வந்த 'ராக்கி 2' முழுக் கதையையும் செலவழித்து அதை அடைத்தது. 'கிரீட் 2'வோ தொடக்கத்திலேயே அடோனிஸுக்கு உலகப் பட்டத்தைக் கொடுத்து, கடனை ஒரே காட்சியில் தீர்த்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் எதற்காகச் சண்டை போட வேண்டும்? ராக்கியும் அடோனிஸின் வருங்கால மனைவி பியாங்காவும் இதையேதான் அவனிடம் கேட்கிறார்கள். படம் தன் பலவீனத்தைத் தானே அறிந்து கேள்வியாக்கியிருப்பது நேர்மையான செயல். ஆனால், அவன் கண்டுபிடிக்கும் விடை வசனமாக வருகிறதே தவிர, அவன் நடத்தையில் ஊறி வருவதில்லை. என் பார்வையில் படத்தின் மிகப் பெரிய குறை இதுதான். எங்கள் மாடியில் ஒருவர்கூட இதைத் தொடவில்லை.

அடுத்தது, விளையாட்டின் விதி தெரியாமல் கதையில் ஓட்டை என்று சொல்லிவிடுவது. முதல் சண்டையில் விக்டர் அடோனிஸின் விலா எலும்புகளை நொறுக்குகிறான். இருந்தும் பட்டம் அடோனிஸிடமே இருக்கிறது. "அடி வாங்கிச் சரிந்தவனுக்கு எப்படிப் பட்டம் போகும்?" என்று எங்களில் ஒருவர் கோபப்பட்டார். எதிராளி கீழே விழுந்த பின் குத்தக் கூடாது. குத்தினால் தகுதி நீக்கம். விக்டர் செய்தது அதைத்தான். அலங்காநல்லூர்க் களத்தில் திமிலை விட்டு வாலைப் பிடித்தவனின் பிடி செல்லாது, அவன் எவ்வளவு தூரம் இழுபட்டுப் போனாலும் சரி. மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை என்று நினைத்தேன், விளக்க வேண்டியிருந்தது. உருவத்தில் இவ்வளவு வித்தியாசம் உள்ள இருவரை மோத விடலாமா என்பதும் இதே வகையான கேள்விதான். ஹெவிவெயிட் பிரிவில் எடைக்குக் கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு கிடையாது. வெற்றியாளன் என்ற பெயர் இருக்கிறது, வென்ற உணர்வு இல்லை என்ற நிலையில் அடோனிஸ் கட்டிலில் கிடக்கும் பகுதி, விதி புரிந்தால்தான் வலிக்கும்.

முதல் பாகத்தின் அளவுகோலையே எடுத்துவந்து இரண்டாம் பாகத்தை அளப்பது நான் செய்த தவறு. 2015 படத்தில் ஒரு சண்டை முழுவதும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக ஓடும். அது இங்கே இல்லையே என்று தேடிக்கொண்டிருந்ததில், முதல் சண்டையில் கேப்பிள் செய்திருந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன். விலாவில் விழும் குத்தின் ஓசை, அடுத்த மூச்சு உள்ளே போகாமல் தொண்டையில் நிற்பது, பியாங்காவின் முகம் ஆகியவை சேர்ந்து தரும் பதைப்பு அந்த ஒரே ஷாட்டுக்குக் குறைந்ததன்று. மாஸ்கோவில் நடக்கும் மறுசண்டை அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே வெட்டுகள் பெருகிவிடுகின்றன; நாம் கண்ணால் பார்த்துவிட்டதையே வர்ணனையாளர்கள் வாயால் மறுபடி சொல்கிறார்கள். தற்காப்புக்குக் கையே உயராமல் இருவரும் மாறி மாறி முழு அடியையும் வாங்கிக்கொண்டு நிற்பது ரிங்கில் நடப்பதன்று. அது இந்த வரிசையின் பழைய நோய்.

வீட்டுக் காட்சிகளை "சென்டிமென்ட் இழுவை" என்று தள்ளுவதும் பரவலாக இருக்கிறது. பியாங்காவுக்குக் காது கேட்கும் திறன் படிப்படியாகக் குறைந்துவருகிறது. பிறந்த குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை நடக்கும்போது தாயும் தகப்பனும் அருகில் காத்திருக்கிறார்கள்; குழந்தைக்கும் காது கேட்கவில்லை என்று தெரியவருகிறது. நூறு குத்துகள் சொல்லாததை அந்தக் காத்திருப்பு சொல்லிவிடுகிறது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்ன போய்ச் சேரும் என்பதுதானே முழுப் படமும்? பகை போகுமா, பயம் போகுமா, உடலின் குறை போகுமா என்ற கேள்வி ரிங்குக்கு வெளியேதான் தெளிவாகக் கேட்கப்படுகிறது.

எல்லாவற்றையும்விட நான் வருந்தும் தவறு, டிராகோ குடும்பத்தை வெறும் வில்லன் கூட்டமாகப் பார்ப்பது. "வில்லனுக்கு வெயிட் பத்தவில்லை" என்றார் உசிலம்பட்டி நண்பர். 1985இல் இவான் டிராகோ கிட்டத்தட்ட ஓர் இயந்திரம், பேச்சே குறைவு. இந்தப் படம் அவன் வீட்டுக்குள் நுழைகிறது. தோல்விக்குப் பின் நாடு அவனைக் கைவிட்டது. மனைவி லுட்மில்லா விட்டுப் போனாள். உக்ரைனில் ஒடுங்கிய வாழ்க்கை. போன மானத்தை மகனின் கைமுட்டியைக் கொண்டு மீட்டுவிடலாம் என்று நம்பும் தகப்பன் அவன். ஃபிலடெல்ஃபியாவில் ராக்கி நடத்தும் உணவகத்துக்கு வந்து உட்கார்ந்து, உன்னால் நான் இழந்தவை இவை என்று அவன் எண்ணிச் சொல்லும் காட்சியில் டால்ஃப் லண்ட்கிரென் குரலை உயர்த்தவே இல்லை. தாய் எதிரில் வந்து அமரும் விருந்தில், தங்களைத் துரத்திய கூட்டத்தின் முன் தகப்பன் குழைவதைப் பொறுக்க முடியாமல் விக்டர் எழுந்து போகிறான். அந்த ஒரு காட்சிக்காக நான் இன்னும் இரண்டு மூன்று பயிற்சிக் காட்சிகளைச் சகித்துக்கொள்வேன். படத்தின் பலம் இந்த வீட்டில் இருக்கிறது. ஆனால் இவர்களுக்குக் கொடுத்த நேரமோ சொற்பம். விக்டராக நடித்த ஃப்ளோரியன் முன்டியானுவுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வசனம். குறை சொல்வதானால் வில்லன் சிறியவன் என்று சொல்லக் கூடாது, இவ்வளவு நல்ல பாத்திரத்தை ஓரத்தில் நிறுத்திவிட்டார்களே என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய பாசத்துக்கு மதிப்பெண் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில்வெஸ்டர் ஸ்டாலோன் திரையில் வந்தாலே கண் கலங்குகிறவர்கள், அந்தக் கலக்கத்தில் எவ்வளவு இந்தப் படம் சம்பாதித்தது, எவ்வளவு 1976இலிருந்து வந்த பாக்கி என்று பிரித்துப் பார்த்தால் போதும்.

கைப்பேசியில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிராகோக்களின் பேச்சில் பெரும்பகுதி ரஷ்ய மொழியில், துணையெழுத்தோடு வருகிறது; அதைத் தாவிவிட்டால் பாதிப் படம் போய்விடும். மாஸ்கோவில் மகன் தடுமாறத் தொடங்கியதும் லுட்மில்லா எழுந்து போய்விடுகிறாள். ரிங்கிலிருந்து திரும்பிப் பார்க்கும் விக்டரின் கண்ணில் படுவது அவளுடைய காலி இருக்கை. அதே இருக்கையைப் பார்த்த பிறகுதான் இவான் டிராகோ, மகன் அடிபட்டுக்கொண்டே நிற்பதைப் பொறுக்காமல், வெள்ளைத் துண்டை ரிங்குக்குள் வீசுகிறான். 1985இல் ராக்கியின் கையிலிருந்து பறக்காத துண்டு அது. எங்கள் மொட்டைமாடியில் அந்த நேரத்தில் பாதிப்பேர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.