மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் புது அபார்ட்மென்ட்டில் வாடகைக்குப் போகிறீர்களா? கரண்ட் பில்லை முதலில் கேளுங்கள்

வாரம் ஒரு முறை திருச்சி போய் வருகிற வேலை. அதனால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் வீடு தேடினேன். பெயின்ட் வாசனை போகாத புது அபார்ட்மென்ட், லிஃப்ட், பார்க்கிங், வாடகை 13,000. நாங்கள்தான் முதல் குடித்தனம் என்று பெருமையாகப் பால் காய்ச்சினோம். இரண்டு மாதம் கழித்து வந்த கரண்ட் பில்தான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில், எந்த பஸ் ஸ்டாண்ட் என்று முடிவு பண்ணுங்கள். சென்னை, திருச்சி, நெல்லை, ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு மாட்டுத்தாவணி. கோவை, தேனி, திண்டுக்கல் என்றால் ஆரப்பாளையம். டவுன் பஸ், ரயில் இரண்டும் வேண்டும் என்றால் பெரியார் பக்கம் எல்லீஸ் நகர் மாதிரி இடங்கள். "மெட்ரோ வரப்போகுது சார், இப்பவே பிடிச்சிடுங்க" என்று புரோக்கர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. காகிதத்தில் இருக்கிற ஸ்டேஷனுக்கு மாசம் 2,000 கூடுதலாகக் கொடுப்பானேன்?

அடுத்து, ஆடியிலோ மார்கழியிலோ தேடுங்கள். அந்த மாதங்களில் யாரும் வீடு மாற மாட்டார்கள், வீட்டுக்காரர் இறங்கிப் பேசுவார். ஆடியில் பேசி முடித்துவிட்டு ஆவணியில் குடிபோகலாம். ஆப்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. போன வருடமே போன வீட்டின் படம் இன்னும் கிடக்கும். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு தெருத் தெருவாக நடந்து 'டு-லெட்' போர்டு பாருங்கள், ஒரு மாத வாடகை கமிஷன் மிச்சம்.

வீட்டைப் பார்க்கும்போது தண்ணீர். பழைய வீட்டில் குழாயில் படிந்த வெள்ளைக் கறையே உப்புத் தண்ணீர் என்று காட்டிக்கொடுத்துவிடும். புது வீட்டுக் குழாய் பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. ஆகவே எதிர்வீட்டில் கேளுங்கள். நான் கேட்டபோது அந்த அக்கா, "குடிக்க கேன்தான் தம்பி, குளிச்சா முடி கொட்டும், பாத்துக்கங்க" என்றார். கேட்டும் போனேன், அது வேறு கதை.

சரி, இப்போது நான் தடுக்கி விழுந்த இடம்.

கட்டட வேலைக்கென்று மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குவார்கள். அதற்கு யூனிட் 12 ரூபாய்க்கு மேல். கட்டி முடித்ததும் நிறைவுச் சான்று காட்டி, வீட்டுக்கு வீடு நிரந்தர இணைப்பு வாங்க வேண்டும். வரைபடத்தை மீறிக் கட்டியிருந்தால் சான்று இழுத்தடிக்கும். பெரிய கட்டடத்துக்குச் சான்று இல்லாமல் நிரந்தர இணைப்பும் வராது. சிலர் அதுவரை பொறுக்காமல், தற்காலிக இணைப்பிலேயே வீட்டுக்கு வீடு சப்-மீட்டர் (மின்வாரியம் வைக்காத, அவர்களாகவே மாட்டுகிற மீட்டர்) மாட்டி ஆளைக் குடிவைத்துவிடுகிறார்கள். எங்கள் கட்டடம் அந்த ரகம். "தனி மீட்டர் இருக்கா சார்?" என்று நான் கேட்டேன்தான். "இருக்கு தம்பி, பாருங்க" என்று வீட்டுக்காரர் அந்த சப்-மீட்டரைக் காட்டினார். கண்ணாடிக்குள் நம்பர் ஓடியது, நம்பிவிட்டேன்.

240 யூனிட்டுக்கு என்னிடம் கேட்டது 3,100 ரூபாய். வீட்டு இணைப்பாக இருந்திருந்தால் முதல் 100 யூனிட் இலவசம் போக, 500 ரூபாயைத் தொட்டிருக்காது.

அதனால் மீட்டரைப் பார்க்காதீர்கள், மின்வாரியம் இணைப்புக்குத் தருகிற சர்வீஸ் நம்பரைக் கேளுங்கள். மதுரை மண்டலத்தில் அது 05 என்று தொடங்கும். உங்கள் வீட்டுக்கென்று தனி நம்பர் இருக்க வேண்டும். கடைசி பில்லை வாங்கி கட்டண வகையைப் பாருங்கள். 1-ஏ என்றால் வீட்டு இணைப்பு, 6 என்றால் தற்காலிகம். "நம்பர் அடுத்த வாரம் வந்துடும்" என்றால், வந்த பிறகே அட்வான்ஸ். டோக்கன்கூட வேண்டாம்.

அப்புறம் ஒப்பந்தம். பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைத்தால் போதும் என்றுதான் இங்கே பலரும் நினைக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆன்லைனிலேயே பதியலாம், பதிவு எண் தருவார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஆனால் கூடுதல் தொகைக்கு நீங்களே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது செல்லும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

பின்சேர்க்கை 1: லிஃப்ட், மோட்டார் கரண்ட் மெயின்டனன்ஸில் சேருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது வீட்டுக்காரர் சொல்வதைப் பொறுத்தது, முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 10 வீட்டுக்குள், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023-இல் பொது இணைப்புக் கட்டணத்தை அரசு குறைத்தது. லிஃப்ட் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இரண்டாவது மாடிக்கு லிஃப்ட் எதற்கு என்று என் மனைவி அன்றைக்கே கேட்டாள்.

பின்சேர்க்கை 2: தல்லாகுளம் பக்கம் வீடு பார்க்கும் ஒருவருக்கு: இடம் அருமை. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவை சமயத்தில் வண்டியை வெளியே எடுக்க முடியாது. முதல் நாளே வேறு ஏரியாவில் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: எங்களுக்கு நிரந்தர இணைப்பு ஐந்தாவது மாதம் வந்தது. பழைய பில்லில் ஒரு பைசா திரும்பி வரவில்லை.