முழுநாள் மலையேற்றம்: முந்தின ராத்திரியே போட வேண்டிய கணக்கு

மலையேறப் போகிறவர்கள் ஷூவையும் பையையும் முதலில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. குமரி மாவட்டத்து மலைக்காட்டில் பெரும்பகுதி, 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. வனத்துறைக்குத் தெரியாமல் உள்ளே போனால் வழக்குதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2024-ல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பாருங்கள். அதில் இல்லாத உச்சி என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். 1,600 மீட்டரைத் தாண்டும் மகேந்திரகிரி தூரத்திலிருந்தே ஆளை இழுக்கும். ஆனால் அதன் சரிவில் இஸ்ரோ வளாகம் இருக்கிறது. நினைத்த பக்கமெல்லாம் ஏற முடியாது.

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரைதான் தோதான காலம். ஜூன், ஜூலையில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, மொட்டை முகட்டில் நிற்கிற ஆளையும் தள்ளும்.

அடுத்தது நேரக் கணக்கு. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு எளிமையானது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. குளிர்நாட்டுக் கணக்கு என்பதால், நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வேர் பின்னிய பாதைக்கும் ஒன்றரையால் பெருக்குங்கள். உச்சி ஒருவழி 8 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டர் என்று வையுங்கள். 3 மணி 36 நிமிடம் வரும்; பெருக்கினால் 5 மணி 24 நிமிடம். வழியில் அரை மணி உட்காருவீர்கள். ஜனவரியில் நிலம் வெளுக்கும் 6.15-க்குக் கிளம்பினால் உச்சி தொட 12.10 ஆகும். இறக்கம் பாதி நேரத்தில் முடியும் என்று நம்பாதீர்கள். முட்டி தளர்ந்த பிறகு, ஏறிய நேரத்தில் முக்கால் பங்கு பிடிக்கும். அதாவது 12.30-க்குத் திரும்பினால் அடிவாரம் சேர 4.30, 5 மணி. சூரியன் அடைய 6.15 தாண்டும், ஆனால் மரக்கூடலுக்குள் 5.30-க்கே இருட்டிவிடும். கையில் மிச்சம் இருப்பது வெறும் அரை மணி.

ஆகவே 12.30 என்பதைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டும். கணக்கைப் போட வேண்டியது கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை வைத்து. அவர் யார் என்று முன்கூட்டியே தெரிய, இரண்டு வாரத்துக்கு முன் எல்லோரும் தண்ணீர் நிரப்பிய பையோடு பொற்றையடி மருந்துவாழ் மலை ஏறி இறங்கிப் பாருங்கள். காலையில் போனால் டிபனுக்கு வீடு திரும்பிவிடலாம். புது ஷூ எங்கே கடிக்கிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், அதாவது 4 கிலோ. ஓடையில் பிடித்துக்கொள்ளலாம் என்று 2 லிட்டரோடு போவதானால், அந்த மாதத்தில் ஓடை ஓடுகிறதா என்று வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு, குளோரின் மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்ப வராது. மதியத்துக்கு மேல் தலைசுற்றும், குமட்டும். ஒரு லிட்டரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை, உப்பு நாரத்தங்காய், ஏத்தம்பழம். இடையில் கொறிக்க முந்திரிக்கொத்தை மிஞ்ச எதுவுமில்லை: பயறும் சர்க்கரையும் சேர்ந்தது, நசுங்காது, கெடாது. மட்டிப்பழம் ருசிதான், ஆனால் பைக்குள் கூழாகிவிடும்.

இறங்கும்போது கால் ஷூவுக்குள் முன்னே வழுக்கி, பெருவிரல் நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும். இரண்டு நாளைக்கு முன்பே நகம் வெட்டுங்கள். உச்சியில் உட்கார்ந்து லேசை இப்படிக் கட்டுங்கள்: கடைசி ஓட்டையில், லேஸ் வெளிவந்த அதே பக்கத்திலேயே மறுபடி நுழைத்துச் சின்ன வளையம் விடுங்கள். இரண்டு பக்கமும் வளையம் வந்ததும், வலது நுனியை இடது வளையத்திலும் இடது நுனியை வலது வளையத்திலும் விட்டு, குதிகாலைப் பின்னால் அழுத்தி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் நகராது, நகம் பிழைக்கும்.

ஈரமிருந்தால் அட்டை ஏறும். உப்புக்கிழியை ஷூவிலும் காலுறையிலும் தேய்க்கலாம், நனைந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கும். அதன் வாய்க்கு அடியில் நகத்தை நுழைத்து நெம்பினால் போதும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

ஆவி பறக்கும் யானைச் சாணியைப் பார்த்தால் பேச்சு நிற்க வேண்டும், செல்போன் பைக்குள் போக வேண்டும். வழிகாட்டி திரும்பச் சொன்னால் வாதாடாதீர்கள். காட்டுக்குள்ளேயே வாழும் காணி மக்களில் ஒருவர் வழிகாட்டியாகக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். களைப்பு தெரியாமலிருக்க அவர்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சையைக் கேள்விப்பட்டு நீங்களாகக் கண்ட செடியையும் பறித்து மெல்ல வேண்டாம்.

ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகை அடித்துக்கொண்டு வந்தால் மேலே மழை என்று அர்த்தம். முழங்காலுக்கு மேல் இழுத்தால் கடக்காதீர்கள், வடியும்வரை கரையிலேயே இருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, 108-ல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மேலே சிக்னல் கிடைக்காது. அதனால் வீட்டில் ஒரு தாளில் பாதை, வழிகாட்டியின் எண், வனச்சரக அலுவலக எண், கூட வருபவர்கள் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, “ராத்திரி ஏழு மணிக்குள்ள போன் வரலன்னா ரேஞ்ச் ஆபீசுக்குக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இறங்கியதும் டீக்கடைக்குப் போகும் முன் அந்த போனைப் போட்டுவிடுங்கள்.