ஆபீஸ் போனில் நேரம் தப்பா? கடிகாரத்தைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைப் போனில் மணி பத்து நிமிடம் பிந்திக் காட்டினால், அந்தப் போனின் மெனுவுக்குள் போய்த் திருத்தத்தான் எல்லோருக்கும் கை போகும். முதல் தவறு அதுதான். போன் திரையில் தெரிவது பெரும்பாலும் இரவல் நேரம். அது யாரிடம் இரவல் வாங்குகிறது என்று தெரியாமல் திருத்தினால், மறுநாள் பழைய தவறே திரும்ப வந்து நிற்கும்.

ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் பெட்டிதான் இபிஏபிஎக்ஸ், சுருக்கமாக பிபிஎக்ஸ். அதோடு வரும் டிஜிட்டல் போன்கள் பொதுவாகப் பெட்டி அனுப்பும் நேரத்தை அப்படியே காட்டுகின்றன. அங்கே திருத்த வேண்டியது பெட்டியை; அதுவும் புரோகிராமிங் அனுமதி உள்ள எக்ஸ்டென்ஷனிலிருந்து அல்லது நிர்வாகப் பக்கத்திலிருந்து. கணினி நெட்வொர்க் வழியே இயங்கும் ஐபி போன்கள், சரியான நேரத்தை நெட்வொர்க்கில் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்டு வாங்கும். சில மாடல்கள், போன் பதிவாகும்போது பிபிஎக்ஸ் அனுப்பும் பதிலில் உள்ள தேதியையே எடுத்துக்கொள்ளும்.

சாதாரண அனலாக் போன்தான் அதிகம் குழப்புவது. காலர் ஐடி வசதியுள்ள அனலாக் போனில் சொந்தக் கடிகாரம் இருக்கும். ஆனால் எஃப்எஸ்கே முறைக் (இரண்டு ஒலி அதிர்வெண்களால் தகவல் அனுப்பும் முறை) காலர் ஐடியில், அழைப்பவரின் எண்ணோடு தேதியும் மணியும் சேர்ந்து வரும். பெரும்பாலான போன்கள் அதைப் பார்த்துத் தம் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும். பெட்டியின் நேரம் தப்பென்றால், நீங்கள் காலையில் சரிசெய்த போனை முதல் அழைப்பே கெடுத்துவிடும். இன்னொன்று: அந்தத் தகவலில் மாதம், தேதி, மணி, நிமிடம் மட்டுமே உண்டு, வருடம் கிடையாது. தேதி சரி, மணி சரி, கிழமை மட்டும் தப்பு என்றால் போனுக்குள் வருடம் தப்பாகக் கிடக்கிறது. அதை மட்டும் போனிலேயே மாற்றியாக வேண்டும்.

தவறின் அளவைப் பார்க்காமல் மணியை மாற்றுவது

எவ்வளவு தப்பு என்பதே எங்கே தப்பு என்று சொல்லிவிடும். சில நிமிடங்கள் முன்பின்னாக இருந்தால் அது கடிகாரம் மெல்ல விலகியது. சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலே நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, வருடத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். கையால் ஒருமுறை நேரம் வைத்துவிட்டு மறந்த பெட்டிகளின் கதை இதுதான்.

மாறாக, மிகச் சரியாக ஒரு மணி நேரம் அல்லது மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பென்றால் கடிகாரம் நன்றாகவே ஓடுகிறது; நேர மண்டலமோ, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடைக்கால நேர விதியோதான் தப்பு. இங்கே மணியைக் கையால் நகர்த்தினால் அடுத்த முறை என்டிபி தொட்டதும் பழையபடி ஆகிவிடும். என்டிபி அனுப்புவது எப்போதும் உலகப் பொது நேரம். உள்ளூர் நேரமாக மாற்றுவது வாங்கும் கருவியின் வேலை. சில போன்கள் இந்த வித்தியாசத்தை நொடிக் கணக்கில் கேட்கும்: இந்திய நேரத்துக்கு 19800. போன்களுக்கு நெட்வொர்க் அமைப்புகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபியில் விருப்பம் (ஆப்ஷன்) 2 இந்த வித்தியாசத்தையும், விருப்பம் 42 என்டிபி சர்வரின் முகவரியையும் கொடுக்கும். டிஎச்சிபியில் ஒன்று, போனின் கன்ஃபிகரேஷனில் வேறொன்று என்று வைத்தால் எது ஜெயிக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரே இடத்தில் வையுங்கள்.

கோடைக்கால நேரம் உள்ள நாடுகளில் பழைய பெட்டிகளுக்கு இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் 2007 முதல் தொடக்கம் மார்ச் இரண்டாம் ஞாயிறு, முடிவு நவம்பர் முதல் ஞாயிறு. அதற்கு முன் தயாராகி, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பெட்டி, ஏப்ரல், அக்டோபர் என்ற பழைய விதிப்படி வருடத்துக்குச் சில வாரங்கள் ஒரு மணி நேரம் தள்ளியே நிற்கும். விதியைத் திருத்த வழியில்லை என்றால், தானியங்கி மாற்றத்தை அணைத்துவிட்டுக் கையால் மாற்றுவதே மேல்.

தேதி 1970 அல்லது 2000 என்று காட்டினால், மின்சாரம் போனபோது கடிகாரத்தைத் தாங்க வேண்டிய பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியை அவசரமாகக் கழற்றுவது

இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். பல பழைய பெட்டிகளில் அந்தப் பேட்டரி தாங்குவது கடிகாரத்தை மட்டுமல்ல. எக்ஸ்டென்ஷன் எண்கள், லைன் ஒதுக்கீடு, பாஸ்வேர்டு என மொத்த புரோகிராமிங்கும் அதன் தயவில்தான் நிற்கிறது. மின்சாரத்தை நிறுத்திப் பேட்டரியையும் எடுத்தால் எல்லாம் போய்விடும். முதலில் பேக்கப் எடுத்துக் கணினியில் சேமியுங்கள். பிறகு, கழற்றும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா நிறுத்த வேண்டுமா என்று அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள்.

பேட்டரியின் மேல் அச்சிட்ட எழுத்துகளையும் படியுங்கள். சிஆர்2032, எம்எல்2032 இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். முன்னது சார்ஜ் ஏற்றக் கூடாதது, பின்னது ஏற்றக்கூடியது. சார்ஜ் செய்யும் சர்க்யூட் உள்ள பலகையில் சிஆர் வகையைப் போட்டால் கசியலாம், வெடிக்கவும் கூடும். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி பச்சை பூத்திருந்தால், கசிவு பலகையின் தடங்களை அரித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடிகாரம் பின்னோக்கிப் போன ஐபி பிபிஎக்ஸில் வேறொரு தொல்லையும் வரும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று நிராகரிக்கப்பட்டு, மறையாக்கத்தோடு இணையும் போன்கள் பதிவாகாமல் நிற்கும். நெட்வொர்க்கைக் குடைவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

என்டிபி பெயரை எழுதினால் போதும் என்று விடுவது

சர்வரைப் பெயரால் கொடுத்திருந்தால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் போனுக்குக் கிடைக்க வேண்டும். போன்களுக்கெனப் பிரித்த தனி நெட்வொர்க்கில் (விஎல்ஏஎன்) அது பல நேரம் இருக்காது. ஃபயர்வாலில் யுடிபி போர்ட் 123 திறந்திருக்க வேண்டும். இரண்டு சர்வர் கொடுப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அவை முரண்பட்டால் எது சரி என்று முடிவு செய்ய வழியில்லை. ஒன்று வையுங்கள், அல்லது நான்கு வையுங்கள். லினக்ஸில் ஓடும் பிபிஎக்ஸில் பழைய என்டிபி சேவை இருந்தால், வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டும்போது அது திருத்தாமல் நின்றுவிடும். அதைத் தவிர்க்கத் தொடக்கத்தில் ஒருமுறை கையால் நேரத்தை அருகில் கொண்டுவர வேண்டும். பிபிஎக்ஸ் மெய்நிகர் கணினியில் ஓடினால், அதைத் தாங்கும் நிஜக் கணினி (ஹோஸ்ட்) நேரத்தைத் தள்ளுவதும் என்டிபி இழுப்பதும் ஒன்றோடொன்று மோதும். இரண்டில் ஒன்றை அணையுங்கள்.

கையால் வைக்கும்போது

24 மணிக் கணக்கு கேட்கும் பெட்டியில் பிற்பகல் இரண்டுக்கு 02 என்று அழுத்திவிட்டால், பட்டப்பகலில் வாடிக்கையாளர் ‘அலுவலகம் மூடப்பட்டுள்ளது’ என்ற குரலைக் கேட்பார். 03/04 என்பது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என்பதும் மாடலைப் பொறுத்தது. சில பெட்டிகளில் கிழமை தனியே வைக்க வேண்டிய ஒன்று. அதை விட்டால் ஞாயிறு விடுமுறை திங்களன்று அமலாகும்.

அழைப்புகள் நடக்கும்போது மணியை மாற்றாதீர்கள். அழைப்புப் பதிவில் கால அளவு கோணலாகலாம். பின்னோக்கி நகர்த்தினால் ஒரே நேரம் இருமுறை பதிவாகும். இரவு முறைக்கு (அலுவலகம் மூடிய பின் அழைப்புகளைக் கையாளும் முறை) 18:00க்கு மாறும் பெட்டியில் 17:50லிருந்து 18:05க்குத் தாவினால், சில மாடல்கள் அந்த மாற்றத்தைத் தவறவிட்டு விடிய விடிய பகல் முறையிலேயே இருக்கும்.

வாய்ஸ்மெயில் கார்டு, பில்லிங் கணினி, அழைப்பைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் இருக்கக்கூடும். திருத்தி முடித்ததும் ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளியே ஓர் அழைப்பு, வாய்ஸ்மெயிலில் ஒரு செய்தி. பிறகு போன் திரை, செய்தி வந்ததாகக் குரல் சொல்லும் நேரம், பில்லிங் பதிவு, ரெக்கார்டர் ஃபைல் ஆகிய நான்கிலும் உள்ள மணியைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அன்று மாலை இரவு முறை மாறும் நேரத்தில் வெளியிலிருந்து ஒருமுறை அழைத்து, எந்தக் குரல் எடுக்கிறது என்றும் கேளுங்கள்.