கோயில் மண்டபத்து அலமாரிக்கு இணையத்தில் ஒரு பட்டியல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை (குடியிருப்பை) ஒட்டிய கோயில் மண்டபத்தில் ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, உடைத்தபோது, அங்கிருந்த படிப்பகத்துப் புத்தகங்களை மூட்டை கட்டிக் கொண்டுவந்து அடுக்கியது. நூற்றெண்பது தேறும். பாதியில் ராமபாணப் பூச்சி வாய் வைத்துவிட்டது. சாவி வைத்திருக்கும் பெரியவர், “எடுத்துப் பாரு தம்பி, ஆனா வெளியே கொண்டு போகாதே” என்றார். சரி, கைப்பேசியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் புத்தகங்களைப் பதிந்து வைக்கும் இணையதளம் ஒன்றில் கணக்குத் திறக்க வேண்டும். படித்ததைப் பற்றிப் பேச குட்ரீட்ஸ் நல்ல இடம்தான். ஆனால் அலமாரியைப் பட்டியலிட எனக்கு லைப்ரரிதிங்தான் தோது. 2005-இல் தொடங்கிய தளம். முன்பு 200 புத்தகங்களுக்கு மேல் போனால் காசு கேட்பார்கள்; 2020-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

உள்ளே போனதும் புத்தகம் சேர்க்கும் பக்கத்தைத் திறங்கள். எந்த இடத்தில் தேடுவது என்று கேட்கும். அமேசானோடு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம்.

அடுத்தது ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண். பின்னட்டையில் பட்டைக்கோடு இருந்தால் தளத்தின் செயலியில் கேமராவைக் காட்டினால் போதும். 2007 முதல் இந்த எண் 13 இலக்கம். அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம்தான், அதையும் அப்படியே அடிக்கலாம். 967 அல்லது 983 என்று தொடங்கினால் நம் மலேசியப் பதிப்பு. 81 என்றால் இந்தியா. 13 இலக்க எண்ணில் இவற்றுக்கு முன்னால் 978 நிற்கும். 10 இலக்க எண்ணின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அச்சுப்பிழை என்று விட்டுவிடாதீர்கள். கடைசி இலக்கம் மற்ற ஒன்பதையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. விடை பத்து என்றால் இரண்டு இலக்கம் போட இடமில்லை, அதனால் எக்ஸ். நான் அதை விட்டு அடித்துப் பார்த்து அரை மணி நேரத்தை வீணாக்கினேன்.

எண் இல்லாதவைதான் நம்மிடம் அதிகம். தலைப்பை வைத்துத் தேடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. காங்கிரஸ் நூலகம் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் தன் முறைப்படி எழுதி வைத்திருக்கும். நாம் எஸ் போடும் இடத்தில் அவர்கள் சகரத்துக்கு எப்போதும் சி. ழகரத்துக்கு நம் இசட்-எச் கிடையாது. எல் போட்டு அடியில் ஒரு கோடு. ‘சிறுகதைகள்’ வேண்டுமென்றால் ஆங்கில எழுத்து சி-யில் தொடங்குங்கள், அடிக்கோடு போட வேண்டாம்.

அதிலும் அகப்படாவிட்டால் கையால் பதியும் படிவம் இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு அட்டையே இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஊதா மையில் தோட்டப் பள்ளியின் முத்திரை, அதன்மேல் பென்சிலால் ‘ரி.ம. 2.50’ (மலேசிய ரிங்கிட்) என்ற விலை. தலைப்பைத் தமிழிலேயே அடித்தேன். முத்திரையையும் விலையையும் குறிப்புப் பெட்டியில் போட்டேன். என்னைக் கேட்டால், தலைப்பைவிட அந்த முத்திரைதான் முக்கியம். தலைப்பு வேறொரு நூலகத்தில் கிடைக்கும், அந்தத் தோட்டம் இனி எங்கே கிடைக்கும்?

இந்தப் புத்தகங்களைப் பற்றி யாராவது வலைப்பூவில் எழுதியிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். ஒரு காலத்தில் டெக்னோரட்டி, கூகுள் வலைப்பதிவுத் தேடல் என்று இதற்கென்றே தேடுபொறிகள் இருந்தன. தமிழ் வலைப்பூக்களை ஓரிடத்தில் திரட்டித் தரத் தமிழ்மணம் இருந்தது. முதல் இரண்டும் 2014-க்குள் மூடிவிட்டன. இப்போது சாதாரணத் தேடல் பெட்டியையே வேலை வாங்க வேண்டியதுதான். சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் அடியுங்கள். ஓர் இடம் விட்டு, ஆங்கிலத்தில் ‘சைட்’, முக்காற்புள்ளி, இடம் விடாமல் பிளாக்ஸ்பாட் டாட் காம். அடுத்த முறை அதே இடத்தில் வேர்ட்பிரஸ் டாட் காம்.

ஊர்ப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத் துரைகள் மூவர் சுடப்பட்டார்கள். மலாயாவின் அவசரகாலம் அதையொட்டித்தான் வந்தது. அதைத் தேடும்போது ‘சிப்புட்’ என்று ஒருமுறை, ‘சிப்பூட்’ என்று ஒருமுறை, ‘சுங்கை’யைச் ‘சுங்காய்’ ஆக்கி இன்னொரு முறை அடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வந்த பக்கங்கள் வேறு வேறு.